தட்டிவிட்டாலும் சிந்தாது

மைக்கூட்டக்காவின் வீடு ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்குத் தெற்குப் பக்கமாகப் பதினோரு டிகிரி சாய்ந்தது. சமையலறைக் குடத்தில் இருந்த தண்ணீரும் குடத்தோடு சேர்ந்து பதினோரு டிகிரி சாய்ந்து நின்றது. மேசைமேல் மூடாமல் விட்டிருந்த எண்ணெய்க் கிண்ணத்தில் எண்ணெய் விளிம்பைத் தாண்டவில்லை. முன்னறை அலமாரியில் இருந்த அறுபத்தேழு மைக்கூடுகளும் உருண்டு போய்ப் பக்கவாட்டில் படுத்துக்கொண்டன; ஒரு சொட்டு மை வெளியே வரவில்லை. மைக்கூடுகளைப் பொறுத்தவரை இதில் அதிசயம் ஒன்றும் கிடையாது, அவை செய்யப்பட்டதே அதற்குத்தான். தண்ணீருக்கும் எண்ணெய்க்கும்தான் இன்றுவரை யாரும் காரணம் சொல்லவில்லை.

அந்த நேரத்தில் வீட்டில் ஆள் இல்லை. அக்கா மூன்று கிலோமீட்டர் தள்ளி, குடிநீர்த் துறை அலுவலகத்தின் இரண்டாவது மாடியில், தலைமைப் பொறியாளரின் மேசைக்கு முன்னால் நின்று "முடியாது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சுவர்க் கடிகாரம் பத்தேகால் காட்டியதை அறையில் இருந்த மூன்று பேர் பார்த்திருக்கிறார்கள்.

அவர் அந்தத் துறையின் படப் பிரிவில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தவர். பூமிக்கு அடியில் போகும் குழாய், வாய்க்கால், சுரங்கம் எல்லாவற்றையும் மெழுகுத் துணியில் மையால் வரைவது அவர் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அம்மா அப்பா விட்டுப்போன வீட்டில் தனியாக இருந்தார். அலுவலகத்தில் வரைவதற்கு வேறு கருவிகள் எத்தனையோ வந்தன, போயின. அக்கா மட்டும் கட்டைப் பேனாவை மையில் தொட்டுத்தான் எழுதினார். பழமைமேல் பக்தி எதுவும் கிடையாது. கோடு போடும்போது தன் கை எவ்வளவு அழுத்துகிறது என்பது அந்த நிப்பில்தான் தனக்குத் தெரிகிறது என்று சொல்வார். புது நிப்பின் எண்ணெய்ப் பூச்சு போக நாக்கில் ஒரு தடவை வைத்து எடுப்பார். அதனால் அவருடைய நாக்கின் நுனி எப்போதும் கொஞ்சம் கறுத்திருக்கும். கருநாக்குக்காரி, சொன்னது பலிக்கும் என்று அலுவலகத்தில் பாதிப் பேர் அவரிடம் வம்பு வைத்துக்கொள்வதில்லை.

மைக்கூடு சேர்க்கும் பழக்கம் முப்பத்தோராவது வயதில் வந்தது. பழைய சாமான் கடை ஒன்றில் கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருந்த ஒரு கனத்த கண்ணாடிக் குடுவையைப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். சிந்தாத மைக்கூடு என்று சொல்லிக் கடைக்காரர் அதைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார்.

"பாத்தீங்களா? சொட்டு சிந்தல."

"உள்ள ஒண்ணுமே இல்லையே, எப்படிச் சிந்தும்?"

அக்கா கைப்பையில் இருந்த மைப்புட்டியைத் திறந்து குடுவையில் பாதிவரை ஊற்றி, கடைக்காரரின் வெள்ளைச் சட்டைக்கு நேர் மேலே கவிழ்த்துப் பிடித்தார். கடைக்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். திறந்து பார்த்தபோது சட்டை வெள்ளையாகவே இருந்தது. குடுவையின் கழுத்து உள்பக்கமாகப் புனல்போல இறங்கியிருந்தது. எந்தப் பக்கம் சாய்த்தாலும் மை அந்தப் புனலைச் சுற்றி ஒதுங்கிக்கொண்டது. அன்றைக்கே வாங்கிக்கொண்டார். பிறகு இருபது வருடத்தில் அகலமான அடிபோட்ட கப்பல் மைக்கூடு, தோல் வளையம் வைத்து இறுக்கி மூடும் பயண மைக்கூடு, பள்ளிக்கூட மேசைக் குழிகளில் உட்காரும் பீங்கான் மைக்கூடு, அச்சில் சுழன்று எப்போதும் நிமிர்ந்தே நிற்கும் மைக்கூடு என்று அலமாரி நிறைந்தது. ஒன்றையும் வேடிக்கைக்கு வைக்கவில்லை. முறை வைத்து எல்லாவற்றிலும் தொட்டு எழுதினார். பாதிக்கு மேல் ஊற்றக் கூடாது, அவ்வளவுதான் ரகசியம். ஆசைப்பட்டு நிரப்பினால் எந்தச் சிந்தாத மைக்கூடும் சிந்தும் என்பார்.

செவ்வாய்க்கிழமைக்கு இரண்டு மாதம் முன்னால் அவர் தெருவின் கோடியில், தையற்காரரின் வீட்டுத் தெற்குச் சுவர் விழுந்தது. மழை இல்லை, காற்று இல்லை. சுவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பொத்தான் தைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி அங்கேயே இறந்துபோனார். துறை ஆள் அனுப்பிப் பார்த்தது. சுவர் பழசு என்று எழுதியது. இறப்புப் பதிவேட்டிலும் காரணம் என்ற இடத்தில் அதே இரண்டு சொற்கள் ஏறின.

அது பழைய சுவர் இல்லை என்று தெருவுக்கே தெரியும். விழுந்ததற்கு என்ன காரணம் என்று அக்காவுக்குத் தெரியும். அணையிலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் சுரங்கம் காலி மைதானத்துக்கு அடியில் போக வேண்டும் என்பது திட்டம். பாறை குறுக்கிட்டதால், சுற்றிக்கொண்டு போகச் சோம்பல்பட்டு, நேராக அந்தத் தெருவுக்கு அடியில் தோண்டிவிட்டார்கள். தோண்டிய பிறகு அளந்தது அக்காவின் தம்பி, அதே துறையில் இளநிலைப் பொறியாளர். அந்த அளவுகளை வைத்து, தோண்டினது தோண்டினபடி படம் வரைந்தது அக்கா. சுவர் விழுந்த மறுவாரம் அந்தப் படம் அலமாரியிலிருந்து காணாமல் போனது. அதற்குப் பதிலாக அச்சிட்ட புதுப் படம் ஒன்று வந்தது. அதில் சுரங்கம் சமர்த்தாக மைதானத்துக்கு அடியில் போயிற்று. பழைய படத்தைப் பார்த்தவர்கள் யாராவது பேசிவிட்டால் என்ன செய்வது என்பதற்காக, அக்காவிடம் ஒரு வரி எழுதி வாங்க வேண்டியிருந்தது: கை தவறிக் கோடு இடம் மாறிவிட்டது. அதற்குத்தான் அவர் முடியாது என்றார். தலைமைப் பொறியாளர் காது கேட்காதவர்போல மறுபடி கேட்டார்.

"முடியாதுங்க சார். என் கை தவறல. தவறாத கையைத் தவறிச்சுன்னு எழுதினா, நாளைக்கு இந்தக் கை எனக்குச் சோறு போடாது."

வீடு திரும்பியபோது தெருவே வாசலில் நின்றிருந்தது. அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். தரைக்குச் செங்குத்தாக, அதாவது தெருவில் நின்றவர்களுக்குப் பதினோரு டிகிரி சாய்வாக நடந்தார். படுத்திருந்த மைக்கூடுகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தி வைத்தார். பிறகு சன்னல் வழியாகத் தலையை நீட்டி, "பார்த்தது போதும், போய் வேலையைப் பாருங்க" என்றார்.

வீடு இரண்டு நாளில் விழுந்துவிடும் என்று துறை அறிவிப்பு ஒட்டியது. விழவில்லை. பிறகு ஒரு வாரம் என்றார்கள், பிறகு மழைக்காலம் வரட்டும் என்றார்கள். மழைக்காலம் வந்து போயிற்று. வீடு மாதம் ஒரு டிகிரிக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சாய்ந்து, இரண்டு வருடத்தில் முப்பத்தெட்டில் வந்து நின்றது. அதற்குள் வரிசையில் இருந்த மற்ற எட்டு வீடுகளும் ஒன்றன்மேல் ஒன்று தோள் கொடுத்ததுபோலச் சாய்ந்தன. காலி செய்யச் சொல்லித் துறை மிரட்டியது. தெருக்காரர்கள் சிலர் போய், வாடகை வீட்டில் நிமிர்ந்து தூங்கப் பிடிக்காமல் திரும்பி வந்தார்கள். தெருக்காரர்கள் யாரும் அந்த வீடுகளில் சரியவில்லை. துறையிலிருந்து வந்தவர்கள்தான் சரிந்தார்கள். வாசற்படியைத் தாண்டியதும் வழுக்கிக்கொண்டு போய்த் தெற்குச் சுவரில் மூட்டைபோல உட்கார்ந்துவிடுவார்கள், அங்கிருந்தே கேள்வி கேட்பார்கள், அக்கா அங்கேயே காபி கொண்டுபோய்க் கொடுப்பார். காபி சிந்தாது.

அந்த வீடுகளில் எதுவுமே சிந்தவில்லை, கண்ணீர் உட்பட. இதைக் கண்டுபிடித்தவர் தையற்காரர். தன் வீட்டில் சுவர் இல்லாததால், தையல் இயந்திரத்தைப் பகலில் அக்காவின் முன்னறையில் போட்டுத் தைத்துவந்தார். மனைவி நினைவு வந்தால் கண் நிறையும், ஆனால் இறங்காது. இமையின் விளிம்பில் அப்படியே நிற்கும். அதனால் அழ வேண்டும்போலிருந்தால் மட்டும் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டுத் தெருவுக்கு இறங்கிப் போவார், அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடி தைப்பார். உலைவாயை மூடினாலும் ஊர்வாயை மூட முடியாதே. தனியாக இருக்கிற பொம்பளை வீட்டில் பெண்டாட்டி இல்லாத ஆம்பளைக்கு என்ன வேலை என்று பேச்சு எழுந்தது. அக்கா அடுத்த தெரு வரைக்கும் கேட்கிற குரலில், "இடுப்புப் பட்டி வைக்கிற வேலை. உனக்கும் வேணும்னா அளவு குடுத்துட்டுப் போ" என்றார். பேச்சு நின்றது. சிலர் உண்மையிலேயே அளவு கொடுத்துவிட்டுப் போனார்கள்.

இந்த இரண்டு வருடமும் அக்கா அலுவலகத்துக்குப் போய்வந்தார். படப் பிரிவிலிருந்து எடுத்து, கதவுகளுக்குப் பெயர்ப்பலகை எழுதும் வேலைக்குப் போட்டார்கள்; அதையும் ஒழுங்காக எழுதினார். வீட்டில் தினம் ஒரு மைக்கூடு என்று முறை வைத்து, தினம் ஒரு கடிதம் எழுதினார். துறைக்கு, துறைக்கு மேலே இருந்தவர்களுக்கு, அவர்களுக்கும் மேலே இருந்தவர்களுக்கு. எல்லாவற்றிலும் ஒரே விஷயம்தான்: சுரங்கம் எங்கள் தெருவுக்கு அடியில் போகிறது, கோடு போட்டவள் நான். பதில் வந்ததில்லை. கடிதத்தை எடுக்க வரும் தபால்காரர் முதல் மாதம் சரிந்தார். அவர் வேறு துறைதானே என்று அக்கா வாசலைப் பார்த்துச் சொன்ன பிறகு சரியவில்லை.

தம்பியின் கதை கொஞ்சம் சிக்கலானது. அவன் பிறந்தது அந்த வீட்டில், பேச வந்தது துறைக்காக. ஆகவே அவன் பாதிதான் சரிந்தான். தெற்குச் சுவருக்கும் வாசலுக்கும் நடுவில், சன்னல் கம்பியைப் பிடித்தபடி, எந்தப் பக்கமும் சேராத ஒரு கோணத்தில் நின்றுதான் பேச வேண்டியிருந்தது. மாதம் ஒருமுறை துறை அவனை அனுப்பியது.

"அக்கா, ஒரே ஒரு வரி. கை தவறிடுச்சுன்னு எழுதிக் குடு. உன்னை யாரும் தூக்குல போடப் போறதில்ல."

"தவறலையேடா."

"தவறிச்சான்னு நான் கேக்கல. எழுதுன்னுதான் சொல்றேன்."

"நீதானே டேப்பைப் பிடிச்சே. உன் கை தவறிச்சா?"

தம்பி கம்பியைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டான். "எனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்காங்க, அக்கா."

"தையற்காரருக்கும் ஒரு பொண்டாட்டி இருந்தா."

தையல் இயந்திரம் ஒரு நிமிடம் நின்று, மறுபடி ஓடியது. தம்பி வாசல் பக்கம் திரும்பினான். போகும்போது அக்கா அவனுக்குப் பிடிக்கும் என்று செய்து வைத்திருந்த பலகாரத்தைத் தூக்குவாளியில் போட்டுக் கொடுத்தார்; கோபத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

மூன்றாவது வருடம் துறை பொறுமை இழந்து அக்காமேல் விசாரணை வைத்தது. தப்பாகப் படம் வரைந்தார் என்பது குற்றச்சாட்டு. நீண்ட மேசைக்குப் பின்னால் தலைமைப் பொறியாளரும் இன்னும் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். குறிப்பெடுக்க ஓரத்தில் தம்பியைப் போட்டிருந்தார்கள், வேண்டுமென்றேதான். அச்சிட்ட புதுப் படத்தை விரித்து வைத்து, இதுதான் சரியான கோடு என்று ஒப்புக்கொண்டு கீழே கையெழுத்துப் போட்டால் விசாரணை இத்தோடு முடிந்தது என்றார்கள். ஒரு பால்பாயிண்ட் பேனாவையும் நீட்டினார்கள். அக்கா அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, துணிப்பையிலிருந்து அகல அடிபோட்ட கப்பல் மைக்கூட்டையும் கட்டைப் பேனாவையும் எடுத்து மேசைமேல் வைத்தார். தலைமைப் பொறியாளருக்கு முகம் சிவந்தது. இது என்ன கண்காட்சியா என்று கத்திப் புறங்கையால் மைக்கூட்டைத் தட்டிவிட்டார். அது மேசையின் நீளத்துக்கும் உருண்டு, அவருடைய கோப்புகளின்மேல் ஏறி இறங்கி, தம்பியின் குறிப்பேட்டில் முட்டி நின்றது. மூவரும் நாற்காலியைப் பின்னால் தள்ளிச் சட்டையைப் பார்த்துக்கொண்டார்கள். எங்கும் ஒரு புள்ளி இல்லை.

"இது தட்டிவிட்டாலும் சிந்தாது சார்," என்றார் அக்கா. "அதுக்குத்தான் வாங்கினேன்."

தம்பி மைக்கூட்டை எடுத்து, இரண்டு கைகளாலும் பிடித்து, அக்காவின் முன்னால் கொண்டுவந்து வைத்தான். யாரும் அவனிடம் அதைச் செய்யச் சொல்லவில்லை.

அக்கா பேனாவைத் தொட்டு, விளிம்பில் ஒருமுறை வழித்துவிட்டு, அந்த அச்சுப் படத்தின்மேல் கோடு போட்டார். அளவுகோல் வைத்துக்கொள்ளவில்லை. அணையில் தொடங்கி, பாறை வரை வந்து, மைதானத்துக்குத் திரும்பாமல் நேராகத் தன் தெருவுக்குள் நுழைந்து, ஒன்பது வீடுகளுக்கும் அடியில் போய், தையற்காரர் வீட்டுத் தெற்குச் சுவரைத் தொட்டு, நகரத்துக்குள் இறங்கியது கோடு. கையெழுத்தும் போட்டார். தலைமைப் பொறியாளர் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். அது மாசிக்காயும் அன்னபேதியும் சேர்த்துக் காய்ச்சிய மை. எழுதும்போது அழுக்குத் தண்ணீர்போல வெளிறித்தான் இருக்கும்.

"என்னம்மா இது, கண்ணுக்கே தெரியல?"

"தெரியும் சார். கொஞ்ச நாள் ஆகும். கறுக்கும்."

அக்காவை வேலையிலிருந்து நீக்கினார்கள். கோடு கறுத்தது. நான்காம் நாள் சாம்பல், பத்தாம் நாள் கருநீலம், மாதக் கடைசியில் கன்னங்கரேல். அந்த ஒரு பிரதியில் மட்டும் இல்லை, துறையின் முந்நூறு பிரதிகளிலும், நகராட்சி வாசலில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த படத்திலும், பேருந்து நிலையத்து வழிகாட்டிப் பலகையிலும், நகரப் படம் போட்ட நாட்காட்டியிலும் அதே கோடு, அதே கை அழுத்தத்தோடு வந்தது. துறை மை ஒற்றும் தாளைக் கட்டுக் கட்டாக வாங்கி ஒற்றியது. பிறகு பிளேடு வாங்கிச் சுரண்டியது. அந்த வேலையைத் தம்பிக்குக் கொடுத்தார்கள். மூன்று மாதம் சுரண்டினான். தாள் கிழிந்து ஓட்டை விழுந்த இடத்தில் மேசைப் பலகையில் கோடு தொடர்ந்தது. மேசையை இழைத்தார்கள், அது அடுத்த மேசையில் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவனுடைய சின்ன மகள் பள்ளிக்கூடப் புவியியல் புத்தகத்தை விரித்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பா, இந்தக் கறுப்புக் கோடு என்னது? டீச்சருக்கே தெரியலையாம்."

"தண்ணி போற சுரங்கம்மா."

"எங்க போகுது?"

தம்பி அந்தக் கோட்டின்மேல் விரலை வைத்து நகர்த்தினான். "அத்தை வீட்டுக்கு அடியில போகுது," என்றான்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் அளந்தேன்."

அதைத் தன் வாயால் சொல்லி அவனே கேட்டது அதுதான் முதல்முறை. மறுநாள் காலை அலுவலகத்துக்குப் போய், அளந்தது நான், அக்காவின் கோடு சரி, மூலப் படம் தலைமைப் பொறியாளரின் இரும்பு அலமாரியில் மூன்றாவது தட்டில் இருக்கிறது என்று மூன்று வரியை இரண்டு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, ஒன்றைத் துறைக்கும் ஒன்றைத் துறைக்கு மேலே இருந்தவர்களுக்கும் கொடுத்தான். பால்பாயிண்ட் பேனாவில்தான் எழுதினான். அதற்கும் வலு இருந்தது. மேலிடத்து ஆட்கள் வந்து அலமாரியைத் திறந்தார்கள். படம் அவன் சொன்ன தட்டிலேயே சுருட்டியபடி இருந்தது.

தலைமைப் பொறியாளர் உடல்நலக் காரணத்தால் ஓய்வு பெற்றார். தம்பியை நூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு நீரேற்று நிலையத்துக்குத் தூக்கிப் போட்டார்கள். உண்மை சொன்னதற்குப் பரிசு அது, பொய் சொன்னதற்குத் தண்டனையும் அதுவே என்று ஊரில் பேசிக்கொண்டார்கள், இரண்டும் சரிதான். அக்காவைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டார்கள். அக்கா இரண்டு நாள் யோசித்துவிட்டுப் போனார். பெயர்ப்பலகைக்குப் போகமாட்டேன், படப் பிரிவுக்குத்தான் வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இறப்புப் பதிவேட்டைத் திருத்தும் நாளில் தையற்காரர் தான் தைத்த புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். அந்த வரியை அக்காதான் எழுத வேண்டும் என்று பதிவாளரிடம் கேட்டார். விதியில் இடம் இல்லை என்று பதிவாளர் சொல்லிவிட்டு, நாற்காலியிலிருந்து எழுந்து இடம் கொடுத்தார். அக்கா, சுவர் பழசு என்பதை ஒரே கோட்டில் அடித்து, பக்கத்தில் சுரங்கம் என்று எழுதினார். எழுத்து வெளிறி இருந்தது. தையற்காரர் குனிந்து பார்த்து, கறுக்குமா என்று கேட்டார். கறுக்கும் என்றார் அக்கா. அந்த அறை நேரான தரையில் நேராக நின்ற அறை. தையற்காரருக்குக் கண்ணீர் தடையில்லாமல் இறங்கியது. பதிவேடு நனையாமல் பதிவாளர் அதை ஓரமாக நகர்த்திக்கொண்டார்.

நீரேற்று நிலையத்திலிருந்து முதல் விடுமுறைக்கு வந்தபோது தம்பி பேருந்திலிருந்து இறங்கி நேராக அக்கா வீட்டுக்குத்தான் வந்தான். வழக்கம்போல வாசலில் நின்று சன்னல் கம்பிக்குக் கையை நீட்டினான். பிறகு கையை எடுத்துவிட்டு உள்ளே காலை வைத்தான். ஒரு அடி, இரண்டு அடி, முன்னறையைக் கடந்து சமையலறை வரைக்கும் போனான், சரியவில்லை. அக்கா திரும்பிப் பார்க்காமலே, "கை கால் கழுவிட்டு உக்காரு, சாப்பாடு ஆறுது" என்றார். தையற்காரர் அவன் கால்சட்டையின் தேய்ந்துபோன ஓரத்தைப் பார்த்துவிட்டு, கழற்றிக் கொடுங்க தம்பி, மடிச்சுத் தைச்சுத் தரேன் என்றார்.

சுரங்கத்தைத் துறை மைதானத்துக்கு அடியில் புதிதாகத் தோண்டியது, பழையதைக் கல்லும் மண்ணும் போட்டு மூடியது. வீடுகள் நிமிரவில்லை. நிமிர்த்தித் தருகிறோம் என்று புதிய தலைமைப் பொறியாளர் வந்து, உள்ளே காலை வைக்காமல் வாசலில் நின்றபடியே சொன்னபோது, ஒன்பது வீட்டுக்காரர்களும் கூடிப் பேசி, வேண்டாம் என்றார்கள். எங்களைச் சாய்த்தவர்கள் எங்களை நிமிர்த்த வேண்டாம், இப்படியே பழகிவிட்டது, சாய்ந்தபடிதான் நிற்போம் என்று ஒரு கடிதம் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். துறை அதைப் பெற்றுக்கொண்டதாக முதல்முறையாகப் பதில் அனுப்பியது.

இரண்டு வருடம் கழித்துத் தெருவின் வடக்கே காலியாகக் கிடந்த நான்கு மனைகளில் வீடு கட்ட ஆட்கள் வந்தார்கள். வரைபடத்தை அக்காதான் வரைந்து கொடுத்தார், பக்கத்து வீடுகளுக்கு இசைவாக முப்பத்தெட்டு டிகிரியில். நகராட்சி மறுபேச்சில்லாமல் அனுமதி கொடுத்தது. அஸ்திவாரம் போட்ட அன்று மேஸ்திரி தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தார், ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார், அடுத்த வீட்டைப் பார்த்தார். பிறகு இரண்டையும் சாக்குப் பையில் போட்டு ஓரமாக வைத்துவிட்டு, முதல் செங்கல்லைக் கண்ணளவில் சாய்த்து வைத்தார். கலவை சட்டியில் சாய்ந்து நின்றது. வேலை மளமளவென்று நடந்தது.